யன்னலிலிருந்து கோபுரம் வரை

என் மனுசன் அதை "உன்ர மாளிகை" என்றுதான் சொல்வார். "உன்ர மாளிகைக்கு இண்டைக்கு எத்தினை ராசாமார் வந்தவை?" என்று இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நக்கல் கட்டாயம் இருக்கும். நக்கலடிக்கட்டும். அது என் மாளிகைதான். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான் குறை.

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால் அந்த இடம் வரும். சிவப்புக் கல் மாளிகை, சுற்றிவர அகழி, முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்லும் மரமும் ஏரியும். அதைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்து அதன் கதையை டேனிஷ் மொழியில் சொல்வது என் வேலை. முதலில் நான் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவள். தோள்மூட்டு பழுதாகிப் பெட்டி தூக்க ஏலாமல் போனதும், கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னை அந்த மாளிகையின் தேநீர்ச்சாலைக்கு வேலை பழக அனுப்பினார்கள். கோப்பி ஊற்றினேன், மேசை துடைத்தேன், பக்கத்து மண்டபத்தில் வழிகாட்டி சொல்லும் கதைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்த வழிகாட்டி வேலையை விட்டுப் போனபோது, "நீ ஒருக்கால் சொல்லிப் பாரேன்" என்றார் மாளிகையின் சொந்தக்காரி. சொல்லிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சனம் என்னைக் கண்டதும் முதலில் கொஞ்சம் முழிக்கும். வெள்ளைத் தலைமுடியோடு ஒரு டேனிஷ்காரப் பெண்மணி வருவார் என்று நினைத்திருப்பார்கள். வந்து நிற்பது நான். யாராவது ஒருவர், "நீ எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்பார். "கார் நிறுத்துகிற இடத்திலிருந்து" என்பேன். சிரிப்பார்கள். சிரித்த சனம் கதையை நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு அவர்களுடைய நாட்டுப் பிரபுக்களின் சரித்திரத்தை யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். எனக்குக் கர்வம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நெஞ்சு தானாக நிமிர்ந்து நிற்கும்.

கதை இதுதான். இருநூறு வருடங்களுக்கு முன் அந்த மாளிகைக்கு முன்னால் இருந்தது வேறு தோட்டம். எல்லாம் நேர்கோடு. கத்தரித்த செடிகள், அளவெடுத்த பாதைகள், நடுவில் நீரூற்று. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் விவசாயம் படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு பிரபுவின் பண்ணையில் தங்கினான். அந்தப் பிரபுவின் வீட்டுக்கு முன்னால் தோட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழைய காலத்தில் மான் வேட்டையாடிய நிலம் அது. பாட்டன் மேடுகளைத் தடவிச் சரிவாக்கினார், தகப்பன் ஓடையை மறித்து ஏரியாக்கினார். தங்கள் ஆயுளில் பெரிதாகாது என்று தெரிந்துகொண்டே ஓக் மரங்களை ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக நட்டார்கள். கடைசியில் பார்த்தால், கடவுளே அப்படிப் படைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இளைஞன் அந்த நிலத்தில் மயங்கினான், பிரபுவின் மகளிலும் மயங்கினான். எதில் முதலில் மயங்கினான் என்பது குடும்பத்துக்கே தெரியாது என்பேன். அந்த இடத்தில் பெண்கள் எப்போதும் சிரிப்பார்கள்.

மகளைக் கலியாணம் முடித்துக் கூட்டி வந்தான். நிலத்தைக் கூட்டி வர முடியாதே. அந்தப் பெண் நேர்கோட்டுத் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாளாம். புதுப் பெண்சாதி அழுதால் எந்த ஊர் ஆம்பிளையும் சும்மா இருக்க மாட்டான். செடிகளைப் பிடுங்கி எறிந்தான். நீரூற்றை மூடினான். அவள் தகப்பன் வீட்டிலிருந்து வரைந்து கொண்டுவந்த படங்களை வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு ஏரியைத் தோண்டுவித்தான். தோண்டியது அவன் அல்ல, பண்ணைக் குடியானவர்கள், மண்வெட்டியாலும் கைவண்டியாலும். அந்த மண்ணைக் கொட்டிய மேடுதான் இன்றைக்குப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் குன்று. பார்வைக்கு இடைஞ்சலாக இருந்த குடிசைகளைக் கிளப்பிக் குன்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வேலிக் கதை. புல்வெளியில் மாடுகள் மேய்வது யன்னலிலிருந்து தெரிய வேண்டும், ஆனால் மாடு வாசலுக்கு வரக்கூடாது, வேலியும் கண்ணில் படக்கூடாது. அதற்காக ஒரு பள்ளத்தை வெட்டி, அதன் ஒரு பக்கத்துக்குச் சுவர் கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் புல் தொடர்ந்து போகிற மாதிரிச் செய்தார்கள். முதல்முறை அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கட ஆக்கள் ஒரு சாண் காணிக்காக வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மூன்று தலைமுறைக்குக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிறவர்கள். வேலி எங்களுக்குக் கௌரவம், அது பளிச்சென்று தெரிய வேண்டும். இவர்களானால் அவ்வளவு காணியையும் வைத்துக்கொண்டு வேலியை நிலத்துக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் சொந்தங்களிடம் போன ஒரு கோடை விடுமுறையில், என் மனுசனை நச்சரித்து, அந்த இங்கிலாந்துப் பெண் பிறந்த பண்ணையையும் போய்ப் பார்த்தேன். வீடு இப்போது ஹோட்டல். ஏரியில் பாதி தூர்ந்துவிட்டது. மான் ஓடிய நிலத்தின் குறுக்கே பெருந்தெரு போகிறது, லொறி இரைச்சலில் கதைக்கவே முடியாது. மிஞ்சிய புல்வெளியில் ஆட்கள் கோல்ஃப் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெரிய சந்தோசமாகவும் இருந்தது. தகப்பன் வீட்டில் அழிந்துபோனதைப் புகுந்த வீட்டில் மகள் காப்பாற்றி வைத்திருக்கிறாள். "எங்கட இடம்தான் திறம்" என்றேன். "ஓம், ஓம், உங்கட இடம்தான் திறம்" என்றார் மனுசன், ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு.

என் கதையின் உச்சம் பெரிய மண்டபத்தின் நடு யன்னலில் இருக்கிறது. எல்லோரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன். அந்த யன்னலிலிருந்து புல்வெளி இறங்கி ஏரிக்குப் போகும். ஏரிக்கு அப்பால் மரங்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். அந்த இடைவெளியின் முடிவில் வெள்ளைத் தேவாலயக் கோபுரம். நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்ப்பார்வை. நேர்கோட்டைக் கண்டு அழுத பெண் இந்த ஒரு கோட்டை மட்டும் கேட்டு வாங்கினாள், ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது கோபுரத்தைப் பார்க்கவேண்டும் என்று. "அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பார்வையில் ஒரு குச்சிகூட நின்றதில்லை" என்று சொல்லிக் கையை நீட்டுவேன். நான் புனைந்த வசனம் இல்லை, அந்தக் குடும்பமே தலைமுறையாகச் சொல்லிவந்தது. சனம் மூச்சுக் காட்டாமல் பார்க்கும்.

இப்படி இருக்கையில்தான் என் மகளின் கலியாணம் வந்தது. அவள் இந்த நாட்டில் பிறந்தவள். தலைநகருக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் வேலை, மாப்பிள்ளையும் அங்கேதான், யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கட கலியாணங்கள் டென்மார்க்கில் பெரும்பாலும் விளையாட்டு மண்டபங்களில்தான் நடக்கும். மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும், எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் சப்பாத்து மணம் போகாது. மகள், "அம்மா, நீ வருடக்கணக்காக அந்த இடத்தைப் பற்றித்தானே கதைக்கிறாய், நான் அங்கேதான் கலியாணம் செய்யப்போகிறேன்" என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த நிமிடம், இதை மாளிகையின் சொந்தக்காரியிடம் எப்படிக் கேட்பது என்ற யோசனை வந்தது.

ஏனென்றால் அந்த அம்மையார் புல்வெளியை வெளி ஆட்களுக்குக் கொடுத்ததே இல்லை. எண்பதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் மாளிகையின் ஒரு மூலையில் ஒரு கிழட்டு நாயோடு இருக்கிறார். வெளியில் எப்போதும் றப்பர் சப்பாத்துத்தான். பரம்பரைப் பிரபு வீட்டுப் பெண் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த நாட்டு வழக்கப்படி அவரை நானும் ஒருமையில்தான் கூப்பிட வேண்டும். அது என் வாயில் வருவதற்கு நெடுங்காலம் எடுத்தது. கேட்டேன். நாயைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்: "கூடாரத்தைப் பக்கத்தில் கிறவல் கல் பரப்பிய முற்றத்தில் போடுங்கள். புல்லில் கால் மட்டும் படலாம். குழி கூடாது, கம்பு கூடாது. அந்தப் பார்வையை மறைக்கக் கூடாது. எழுத்தில் ஒன்றும் வேண்டாம், உன் வார்த்தை போதும்." என் வார்த்தை போதும் என்று அந்த வீட்டில் எனக்குச் சொன்னார்கள். நான் தரையில் நடந்தா வீட்டுக்கு வந்தேன்?

வார்த்தையை எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். முக்கியமாக என் அண்ணைக்கு. அண்ணை எஸ்பியர்க் துறைமுக நகரத்தில் இருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் என்ற முறையில் கன்னிக்கால் நடுவது அவர் பொறுப்பு. கலியாணத்துக்கு முதல் ஒரு நல்ல நேரம் பார்த்து, பந்தலின் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், முள்முருக்கங் கிளை ஒன்றை நட்டு மஞ்சள் துணி கட்டி, சுமங்கலிகள் ஐந்து பேர் பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். கிளை நிலத்தில் வேர் பிடித்துத் தளிர்த்தால் பிள்ளையின் குடும்பமும் தளிர்க்கும் என்பது நம்பிக்கை. இங்கே முள்முருக்கு ஏது? அண்ணை தன் வீட்டு வளவில் நின்ற வில்லோ மரத்தில் ஒரு கிளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார். நிலமும் ஏது? அதற்கு நாங்கள் பிளாஸ்டிக் வாளியில் மணல் நிரப்பி அதில் நடுவோம். இந்த நாட்டில் எத்தனையோ கலியாணத்துக்கு அப்படித்தான் நட்டோம். நானும் புது வாளி வாங்கி, மணலும் போட்டு, கூடாரத்தின் மூலையில் வைத்திருந்தேன்.

கலியாணம் சனிக்கிழமை, கன்னிக்கால் வியாழக்கிழமை. அன்று காலை எனக்கு வேலை இருந்தது. ஓய்வுபெற்றவர்களின் சங்கம் ஒன்று பஸ்ஸில் வந்திருந்தது. "சுற்றிக் காட்டிப்போட்டு நேரத்துக்கு வந்திடுவன், ஒருதரும் அந்தரப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்றைக்கு நன்றாகச் சொன்னேன். மகளின் கலியாணச் சந்தோசத்தில் வாயில் தேன் வடிந்தது. அவர்களை யன்னலடியில் நிறுத்தி, வழக்கம்போல் யன்னலுக்கு முதுகு காட்டி நின்று, "அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பார்வையில் ஒரு குச்சிகூட நின்றதில்லை" என்று கையை நீட்டினேன். எல்லோரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மிகவும் மரியாதையாக, "அப்போ அந்தக் குச்சி?" என்று கேட்டார்.

திரும்பினேன். புல்வெளியில், யன்னலுக்கும் கோபுரத்துக்கும் சரி நடுவில், ஆள் உயரத்தில் ஒரு கிளை நின்றது. உச்சியில் மஞ்சள் துணி காற்றில் படபடத்தது. பக்கத்தில் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிக்காலால் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். மச்சாள், அண்ணையின் மனைவி, தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது யார்?" என்றார் பெரியவர்.

"என்னுடைய அண்ணன்" என்றேன். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் படியால் இறங்கி ஓடினேன்.

"அண்ணை, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?"

"கன்னிக்கால் நட்டிருக்கிறன். கண் தெரியேல்லையே?"

"வாளி வைச்சனான் எல்லோ. மணலும் போட்டு வைச்சனான்."

"வாளிக்குள்ள நடுறதுக்கு இதென்ன ரோசாச் செடியே?" அண்ணை மிதிப்பதை நிறுத்தவில்லை. "கூடாரத்துக்கு ஈசான மூலை இதுதான். திசைகாட்டி வைச்சுப் பாத்துத்தான் நட்டனான்."

"புல்லில குழி வெட்ட மாட்டம் எண்டு நான் அவவுக்கு வாக்குக் குடுத்தனான். உங்களுக்கும் சொன்னனான். எத்தினை தரம் சொன்னனான்?"

அண்ணை நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "எடி தங்கச்சி, என்ர பிள்ளையின்ர கன்னிக்கால் எங்க நிண்டது தெரியுமே? நாலாம் மாடி பல்கணியில, வாளிக்குள்ள. காத்துக்கு விழுந்திடும் எண்டு கம்பியோட கட்டிப்போட்டு நானும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கீழ நிண்டு சனம் விடுப்புப் பாத்தது. முப்பது வருசமா வாளி, வாளி, வாளி. இண்டைக்குத்தான் காலுக்குக் கீழ ஒரு நிலம் கிடைச்சிருக்கு. நிலம் கிடக்கேக்க வாளிக்குள்ள நடச் சொல்லுறியே நீ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவர் சொன்னது நெஞ்சில் குத்தியது. "புடுங்குங்கோ அண்ணை" என்றேன்.

"நட்டதைப் புடுங்கக் கூடாது. அது உனக்கும் தெரியும். பிள்ளையின்ர வாழ்க்கை. நான் புடுங்க மாட்டன். நீ வேணுமெண்டால் புடுங்கு."

சத்தம் கேட்டு மகள் கூடாரத்திலிருந்து ஓடி வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. "அம்மா, பிடுங்கிவிடு. எனக்கு ஒன்றும் ஆகாது. உன் வார்த்தைதான் முக்கியம்" என்று டேனிஷில் சொன்னாள். சொன்னாள்தான், ஆனால் கண் அந்த மஞ்சள் துணியிலேயே நின்றது. இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளை. அவளுக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் நடு யன்னல் முழுக்க வெள்ளைத் தலைகள். ஒரு பக்கம் நான் கொடுத்த வார்த்தை, பத்து வருடமாக அந்த வீட்டில் நான் சம்பாதித்த மதிப்பு. மறுபக்கம் என் பிள்ளை. கிளையில் கை வைத்தேன். அண்ணை அதை அசையாதபடி ஆழமாக நட்டிருந்தார். இரண்டு கையாலும் பிடித்தேன்.

"பொறு" என்றது ஒரு குரல்.

அம்மையார் பக்கவாசலால் வந்துகொண்டிருந்தார், றப்பர் சப்பாத்தும் ஊன்றுகோலுமாக, நாய் பின்னால். அண்ணை மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக அவிழ்த்து விட்டார். அம்மையார் கிளையைப் பார்த்தார், தோண்டிய மண்ணைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் மகளின் கலியாணத்துக்கான கிளை, வாளியில் நடுவதாக இருந்தது, அண்ணன் புல்லில் நட்டுவிட்டார், இதோ பிடுங்குகிறேன் என்றேன்.

"பிடுங்கினால் என்ன ஆகும்?"

"மணப்பெண்ணுக்குக் கூடாது என்று எங்கட சனத்தின் நம்பிக்கை."

"நீயும் நம்புகிறாயா?"

படித்த பெண் மாதிரிச் சிரித்து, அதெல்லாம் பழைய கதை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நானும் நம்புகிறேன்" என்றேன். "ஆனால் வார்த்தை கொடுத்தது நான். அதனால் நான்தான் பிடுங்க வேண்டும்."

அவர் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு யன்னலைப் பார்த்தார். "அவர்களுக்கு என்ன சொன்னாய்?"

"வழக்கமாகச் சொல்வதைத்தான். இந்தப் பார்வையில் ஒரு குச்சிகூட நின்றதில்லை என்று."

"அது பொய்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை, களைத்த குரலில் சொன்னார்.

"இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நான் சின்னப் பிள்ளை. இந்தப் புல்வெளி முழுக்க மரக் கொட்டில்கள் நின்றன, சுற்றிவர முள்ளுக்கம்பி. ஜெர்மன் அகதிகள். பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். கப்பலில் தப்பி வந்தவர்கள். அவர்களோடு பேசக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. என் தகப்பன் இந்தப் பக்கத்துத் திரைச்சீலைகளை எல்லாம் மூடிவைத்தார். என் வயதில் ஒரு பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் பேசவில்லை." கோலைத் தூக்கிக் கோபுரத்தைக் காட்டினார். "அதன் சுவரோரம் சின்னச் சிலுவைகள் நிற்கின்றன. அந்தக் கொட்டில்களில் செத்த பிள்ளைகள். எல்லோரையும் திருப்பி அனுப்பியபின் தகப்பன் நிலத்தை உழுது புல் விதைத்தார். இங்கே எப்போதும் ஒன்றும் நிற்கவில்லை என்று சொல்லச் சொன்னார். நாங்களும் சொன்னோம். உனக்கும் நான்தான் சொல்லித் தந்தேன்."

நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் இருந்ததும் ஓர் அகதி முகாமில்தான். யன்னலால் பார்த்தால் தெருவில் போகிற சனம் எங்களைக் காணாத மாதிரிப் போகும். அகதியாய் வந்த நான், அகதிகள் நின்ற நிலத்தைக் கை நீட்டிக் காட்டி, இங்கே ஒரு குச்சியும் நிற்கவில்லை என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். கையைக் கிளையிலிருந்து எடுத்தேன்.

"கலியாணக் கிளை நிற்கட்டும்" என்றார் அம்மையார். "மேலே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல். இனி வருகிறவர்களுக்கும் சொல். இது என்ன கிளை என்பதையும் சேர்த்துச் சொல். இதுவும் இந்த நிலத்தின் கதைதானே." நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அண்ணை முப்பது வருடமாக எஸ்பியர்க்கில் டேனிஷ்காரரோடு மீன் வெட்டியவர். அவருக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, எல்லாம் விளங்கியிருந்தது. அவர் மச்சாளின் தட்டத்திலிருந்து பாலும் தண்ணீரும் கலந்த செம்பை எடுத்தார். நல்ல நேரம் முடியப் போகிறது, பெண்ணின் தாய் என்ற முறையில் முதலில் நான்தான் ஊற்ற வேண்டும். கையை நீட்டினேன். அண்ணை என்னைத் தாண்டிப் போனார்.

"இஞ்சேருங்கோ, அவ..." என்று மச்சாள் இழுத்தார். அம்மையார் கணவரை இழந்தவர். கன்னிக்காலுக்குக் கணவரை இழந்தவர்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை, கிட்டவும் வருவதில்லை. எங்கட குடும்பத்தில் இந்த முறைகளை எழுத்துப் பிசகாமல் பார்க்கிறவர் அண்ணைதான். என் கலியாணம் ஊரில் நடந்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஐந்து பெண்கள் என் கன்னிக்காலுக்குத் தண்ணீர் ஊற்ற, அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. தாய்மாமன் இல்லாத குறைக்கு அந்தக் கன்னிக்காலை நட்டவரும் அண்ணைதான்.

"தெரியும்" என்றார் மச்சாளிடம். பிறகு அம்மையாரின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் செம்பை நீட்டி, எஸ்பியர்க் டேனிஷில், "இது உன் நிலம். முதல் தண்ணீர் நீ ஊற்று" என்றார்.

மாளிகையை நினைத்து நான் பட்ட பெருமையெல்லாம் எம்மாத்திரம். என் அண்ணையை நினைத்து அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமைதான் பெருமை. எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை.

அம்மையார் ஊன்றுகோலை என் மகளிடம் கொடுத்துவிட்டுச் செம்பை வாங்கினார். "எவ்வளவு ஊற்ற வேண்டும்?" என்று கேட்டார். "மனம்போல" என்றார் அண்ணை. பாதி அவருடைய றப்பர் சப்பாத்தில் கொட்டியது. மீதி கிளையின் அடியில் இறங்கியது. மண் உறிஞ்சும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, செம்பை அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தார்.

மச்சாள் அதை நிரப்பினார். அண்ணை அதை எனக்குக் கொண்டு வந்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கிளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு அம்மாவையும் ஊத்த விட்டிருக்கலாம், என்ன?"

"ஓம் அண்ணை" என்றேன். செம்பை வாங்கி ஊற்றினேன்.